விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயந்து நிற்காதீர்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது, இதய நோயாளி. அவர் திடீரென விழுந்தால் சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் மார்பை விடாமல் அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கும் முதலுதவி) செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பயிற்சி இல்லை. வெறும் மயக்கமாக இருந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது அழுத்திவிட்டால் ஆபத்தாகாதா? எலும்பு முறியுமா? வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா?

பதில்: துடிக்கிற இதயத்தின் மேல் சிறிது நேரம் அழுத்திவிட்டால் பெரிய தீங்கு நேர்வது அரிது. வலித்தால் அவரே முனகுவார், கையைத் தட்டிவிடுவார், உடனே நிறுத்திவிடலாம். நின்றுபோன இதயத்தை அழுத்தாமல் விட்டால்தான் ஆபத்து. நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும்.

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், அழுத்தத் தொடங்க அதுவே போதும். நாடி பிடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்; பயிற்சி உள்ளவர்களே அதில் தவறுவதுண்டு.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு வாய் திறந்து மூடும். விட்டு விட்டு, குறட்டை போல ஒரு ஒலியோடு காற்றை இழுப்பார்கள். பார்ப்பவர்கள் "மூச்சு இருக்கிறது" என்று தண்ணீர் தெளித்துக்கொண்டு காத்திருப்பார்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அது மூச்சு அல்ல.

ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். மெத்தையில் இருந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையை வையுங்கள். முழங்கை மடங்காமல், உங்கள் உடல் எடை முழுவதும் இறங்குமாறு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். அந்த இடைவெளியில்தான் இதயத்துக்குள் இரத்தம் வந்து நிரம்புகிறது. களைத்தவர்கள் அழுத்தத்தைத் தளர்த்தாமலேயே மார்பின் மேல் சாய்ந்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்; அப்போது அழுத்தியும் பலன் குறைவு.

முதியவர்களுக்கு விலா எலும்பு முறியலாம் என்பது உண்மை. உள்ளங்கைக்குக் கீழே 'மளுக்' என்று உணர்வீர்கள். அந்த நொடியில் மனம் கலங்கத்தான் செய்யும். கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். முறிந்த விலா சில வாரங்களில் கூடிவிடும்.

வாயில் ஊதுவது உங்களுக்குக் கட்டாயமில்லை. இதயம் திடீரென நின்ற பெரியவர்களுக்கு முதல் சில நிமிடங்கள் இரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அதை மூளைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாலே போதும். நீரில் மூழ்கியவர்கள், குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு தடைப்பட்டுத்தான் இதயம் நிற்கிறது. ஆகவே ஊதுவதும் அவசியம். அதற்கு முறையான பயிற்சி பெறுவது நல்லது.

அருகில் ஏ.இ.டி. கருவி (மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் ஒருவரை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். இயக்கியதும் அதுவே குரலில் வழிகாட்டும். அவர் கண் விழிக்கும் வரை அல்லது ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பொறுப்பேற்கும் வரை நிறுத்த வேண்டாம்.

உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு நிமிடம் அழுத்தினாலே கை தளர்ந்துவிடும்; உங்களிடமிருந்து வாங்கித் தொடர இன்னொருவர் பக்கத்தில் தயாராக மண்டியிட்டிருக்க வேண்டும்.