எந்தப் பக்க விங்கிலிருந்து நுழைந்தார்?

அன்புள்ள ஐயா,

வயதான மேடை நடிகர் ஒருவரின் வீழ்ச்சியைச் சொல்லும் மராத்தி 'நட்சம்ராட்' நாடகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பாவுக்கு 81 வயது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். மும்பை மாட்டுங்காவின் தமிழ் நாடகங்களில் 30 வருஷம் நடித்தவர். கதாநாயகியின் அப்பா, ஊர்ப் பெரியவர், பெரும்பாலும் இப்படித்தான். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். பழைய வசனம் என்கிறாள் அம்மா. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ. பதிவு செய்யலாமென்று போனை முன்னால் வைத்து, "உங்க நாடக வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்றேன். "என்னடா வாழ்க்கை, ஆபீஸ் முடிஞ்சு போனோம், வந்தோம்" என்று முடித்துவிட்டார். எல்லாம் வீணாகப் போனதாக நினைக்கிறாரோ?

வாசகர், டோம்பிவிலி

அன்புள்ள நண்பருக்கு,

போனை நீட்டி அப்படிக் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். பேட்டி கொடுத்துப் பழகியவர்களா நாம்? ஷண்முகானந்தா ஹால் சென்னையிலிருந்து வரும் குழுக்களுக்கு. நம்மவர்களுக்கு மைசூர் அசோசியேஷன் போலச் சின்ன அரங்குகள்.

நான் இரண்டு வருஷம் பிராம்ப்டராக இருந்தவன், நடிகர் மறந்தால் வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. மேடையோரத் தடுப்பான விங்குக்குப் பின்னால் ஸ்டூல், கையில் டார்ச், மடியில் நோட்டு. எங்கள் குழுவில் ஒரு பெரியவர், ஒரு காட்சியில் செம்பை எடுப்பார், குடிக்காமல் கீழே வைப்பார், பிறகுதான் பேசுவார். முதல் நாள் நான் பதறிப்போய் வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மேலே தொங்கிய மைக் என் குரலையும் வாங்கிக்கொண்டது. முன்வரிசை முழுக்கச் சிரிப்பு. நாடகம் முடிந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே, "அங்கே நான் மறக்கலைப்பா, மகளைப் பார்க்கறேன்" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. கடைசி லோக்கலைப் பிடிக்கும் அவசரம் வேறு. மறுநாள் நோட்டில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

உங்கள் அப்பாவிடமும் இப்படிக் கோடுகள் நிறைய இருக்கும். எந்தப் பக்க விங்கிலிருந்து நுழைந்தார், கையில் தடியா குடையா, மீசை எந்த ஊரில் கழன்றது என்று கேட்டுப் பாருங்கள். நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிடும்.

வீணானதாக நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. 'நட்சம்ராட்' எழுதிய ஷிர்வாட்கரின் நாயகன் பேல்வல்கர் மேடையில் சக்கரவர்த்தியாக இருந்தவர். சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வருகிறார். விழ உயரம் இருந்தது. உங்கள் அப்பா 5.40 லோக்கலில் போய் நடித்துவிட்டுக் காலையில் ஆபீஸ் மஸ்டரில் கையெழுத்துப் போட்டவர். "போனோம், வந்தோம்" என்பதில் எனக்குக் குறை எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்று. 1970 டிசம்பரில் அந்தப் பேல்வல்கர் கிழவராக முதலில் மேடையேறிய ஸ்ரீராம் லாகூவுக்கு அப்போது 43 வயது. காது மூக்குத் தொண்டை டாக்டர். அதற்கு முந்தைய வருஷம்தான் தொழிலை விட்டு முழுநேர நடிகரானார். உங்கள் அப்பாவும் முப்பது வயதில் தலையில் பவுடர் அப்பிக்கொண்டு இருமியவர்தானே? இப்போது இருமுவது அந்த அளவுக்கு எடுப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிப்பார்.

ராத்திரிப் பேச்சு சமீபத்தில் ஆரம்பித்ததென்றால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அது வேறு விஷயம். மற்றபடி ஒரு ராத்திரி பக்கத்தில் போய் உட்காருங்கள். நடுவில் நிறுத்தினால், "மறந்துடுச்சாப்பா?" என்று அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.