வீட்டுக் கொம்பியூட்டரில் வரிகள் ஓடும் கரோக்கி டிஸ்க் செய்யலாமா?

கேள்வி இது: சாதாரண வீட்டுக் கொம்பியூட்டரில், பாட்டு வரிகள் நிறம் மாறி ஓடும் கரோக்கி டிஸ்க்கை நாங்களே செய்ய முடியுமா? தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா?

முடியும். நான் விசுவமடுவில் இருக்கிறேன். ஒரு பழைய மடிக்கணினியில் இதுவரை நாற்பது பாட்டுக்கு மேல் செய்துவிட்டேன். ஆனால் முதல் டிஸ்க்கில் நல்லாக வாங்கிக் கட்டினேன். அதையே முதலில் சொல்கிறேன். நீங்கள் இணையத்தில் தேடினாலும் முதலில் அந்தப் பாதையைத்தான் காட்டும்.

சின்னம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தபோது கனடாவில் இருந்து மகன் வந்து, கிளிநொச்சியில் ஒரு மண்டபம் எடுத்து விழா வைத்தான். சின்னம்மா நல்லாகப் பாடுவார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற வேனில் முன் சீற்றில் இருந்து பாடத் தொடங்கினால் முல்லியவளை தாண்டும்வரை நிறுத்தமாட்டார். அவருக்காக எட்டுப் பாட்டை 'சீடி+ஜி' என்கிற முறையில் எழுதிக் கொண்டுபோனேன். மண்டபத்து டீவீடி பிளேயரில் போட்டால் இசை கணீரென்று வருகிறது, திரையில் வெறும் நீலம். ஒரு எழுத்துக்கூட இல்லை. சின்னம்மா முதல் சரணத்தை மனப்பாடமாகப் பாடினார், இரண்டாவதில் 'ம்ம்ம்' என்று சமாளித்தார், மூன்றாவதில் என்னைப் பார்த்தார்.

பிழை பிளேயரில் இல்லை, என்னில்தான். சாதாரணப் பாட்டு சீடியில் ஒலியோடு ஒட்டினாற்போல 'சப்கோட்' என்று ஒரு சின்ன இடம் உண்டு. சீடி+ஜி தன் படத்தை அங்கேதான் ஒளித்து வைக்கிறது. அதைத் தேடி எடுத்துக் காட்டக் கரோக்கிக்கென்றே செய்த பிளேயர் வேண்டும். மற்றவை அதை எட்டியும் பார்க்காமல் பாட்டை மட்டும் ஓடவிடும். எழுதுகிற டிரைவும் அந்த இடத்தில் எழுதத் தெரிந்ததாக இருக்க வேண்டும், எல்லா டிரைவுக்கும் அது தெரியாது. இது போதாதென்று, படத்தில் கண்ணுக்குத் தெரிகிற பரப்பு 288க்கு 192 புள்ளிகள்தான், நிறம் ஒரு நேரத்தில் 16. ஆங்கில எழுத்துக்கு அது காணும். நம்முடைய 'ஞ', 'ணை', 'ழு' எல்லாம் அந்த அளவில் சுழி அடைபட்டு மைத்துளி மாதிரி நிற்கும். ஆகவே சீடி+ஜியை விட்டுவிடுங்கள்.

வீசீடியும் வேண்டாம். ஒருகாலத்தில் எங்கள் பக்கம் கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாம் அதில்தான் வந்தன. ஆனால் அதன் படம் 352க்கு 288. இப்போதைய பெரிய ரீவியில் எழுத்து ஓரம் கலங்கித் தெரியும்.

சரி, எதுதான் செய்வது? வரிகளைப் படத்தோடு படமாகப் பதித்து, சாதாரண டீவீடியாக எழுதுங்கள். இலங்கையில் ரீவிக்கு 'பால்' (PAL) முறை என்பதால் 720க்கு 576, விநாடிக்கு 25 படச்சட்டம். எந்த வீட்டுப் பிளேயரும் இதைப் படம் என்று நினைத்து ஓட்டும். அதே கோப்பை எம்பி4 ஆக்கிப் பென்டிரைவில் போட்டால் ரீவியிலும் நேரே ஓடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டீவீடியில் 'சப்டைட்டில்' என்று தனியாக வருகிற வசதியை இதற்குப் பாவிக்காதீர்கள். அதற்கு நான்கு நிறம்தான், எழுத்துக்கு எழுத்து நிறம் ஊர்ந்து போகாது.

அடுத்தது இசை. பாட்டில் இருந்து குரலை எடுக்கிற பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஸ்டீரியோப் பாட்டில் பாடகர் குரல் பெரும்பாலும் நடுவில், அதாவது இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் இரண்டிலும் ஒன்றாக இருப்பது அழிந்துபோகும். ஒலியைத் திருத்துகிற ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு எஃபெக்ட் இருக்கிறது. குரலோடு சேர்ந்து நடுவில் நிற்கிற பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் அள்ளுப்பட்டுப் போகும். எதிரொலி மட்டும் பேய் மாதிரி பின்னால் நிற்கும்.

சின்னம்மாவுக்கு உயிரான பாட்டு ஒன்று, அவர் பிறக்க முன் வந்தது. அதை இப்படிச் செய்து ஓடவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிப் பூட்டினேன், வொலியூமைக் கூட்டினேன், அப்போதும் இல்லை. பிறகுதான் விளங்கியது: பழைய பாட்டு மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றேதான். குரல் மட்டுமல்ல, முழுப் பாட்டுமே தன்னைத்தான் அழித்துக்கொண்டது.

இப்போது அந்தக் கவலை இல்லை. டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், டெமக்ஸ் போன்ற மென்பொருள்கள் குரலை இடம் பார்த்துப் பிடிப்பதில்லை, அதன் தன்மையைப் பார்த்துப் பிரிக்கின்றன. மோனோவிலும் வேலை செய்யும், காசும் கேட்காது. கட்டளை எழுதப் பயமென்றால் 'அல்டிமேட் வோக்கல் ரிமூவர்' என்று பொத்தான்களோடு ஒன்று இருக்கிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் கணினியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்து வரலாம். அவ்வளவு நேரம்தான்.

குரல் போனதும் கட்டை, அதாவது சுருதி, பார்க்க வேண்டும். ஆண் பாடகர் பாடிய பாட்டைச் சின்னம்மாவால் அதே சுருதியில் பாட முடியாது. ஒடாசிட்டியில் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கலாம். அது செமிடோன், அதாவது அரைச் சுரக் கணக்கில் கேட்கும். இரண்டு கட்டையில் இருந்து ஒரு கட்டைக்கு இறங்க இரண்டு செமிடோன். நான்கு செமிடோனுக்கு மேல் போனால் வயலின் அழத் தொடங்கும். கட்டையை முதலிலேயே பாடுகிறவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

இனித்தான் முக்கால்வாசி வேலையும் கிடக்கிறது: வரிகளுக்கு நேரம் வைப்பது. நான் பாவிப்பது ஏஜிசப் என்ற மென்பொருள், இலவசம். ஒலியைக் கட்டாயம் வேவ் கோப்பாக்கிக் கொடுங்கள். சில எம்பி3 கோப்புகளில் நேரம் சற்றுப் பிசகும். நீங்கள் வைத்த வரி பாட்டின் கடைசியில் அரை விநாடி பிந்தி வந்து நிற்கும்.

ஏஜிசப்பின் கரோக்கி முறை முதலில் சொல்லுக்குச் சொல் பிரித்துத் தரும். அதற்குள் நாங்கள்தான் வெட்ட வேண்டும். தமிழ் காலை வாருவது இங்கேதான். கணினிக்குக் 'கொ' என்பது ஒரு எழுத்து இல்லை. 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்று இரண்டு துண்டு. வெட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், 'க' தனியே நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றிக் கொம்பும் காலும் நிற்கும். 'ன்' இலும் இதே கதை, புள்ளி கழன்றுபோகும். என் முதல் பாட்டில் இப்படிப் பதினொரு இடம். முன்பு பாமினி எழுத்துருவில் அடித்துச் சமாளித்தோம். அதில் கொம்பும் காலும் எப்படியும் தனித்தனி. இப்போது யூனிகோட்டில் அடித்து, நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு வையுங்கள், வெட்டும்போது மட்டும் கவனம்.

எங்கே வெட்டுவது என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த யாப்பு பாதி உதவும். 'கொண்டாட்டம்' என்றால் கொண்/டாட்/டம், மூன்று நேரசை, தேமாங்காய். வாய் பாடுவதும் அப்படித்தான். ஆனால் 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை, பாடும்போது 'ம' ஒரு தட்டு, 'லர்' ஒரு தட்டு. ஆகவே நிரையை எல்லாம் உடைத்துவிடுங்கள். மெய்யெழுத்தை எப்போதும் முன்னால் நிற்கிற எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். தமிழ் வாத்தியார் ஏசினாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் நேரம், விநாடியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் பதிவாகும். உதாரணமாகக் 'கொண்' 38, 'டாட்' 140, 'டம்' 45. ஒலியின் அலைவடிவம் திரையில் தெரியும், கோடுகளை இழுத்து இழுத்து வைக்க வேண்டும். நான் கண்ணால் பார்த்து அலை உயர்கிற இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சின்னம்மா மேசையில் விரலால் தட்டிக்கொண்டே, "அதிலை இல்லையடா, இழுவை 'டாட்'டிலை. 'டம்' சும்மா விழுகிறது" என்றார். போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அலையில் உயர்ந்து தெரிந்தது மிருதங்கம். அதுக்குப் பிறகு பாடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நான் நேரம் வைப்பதில்லை. நாலு நிமிடப் பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் போகும். குறைக்க வழி நான் காணவில்லை.

நிறம் பட்டென்று மாறுவதும் உண்டு, இடமிருந்து வலமாக ஊர்ந்து நிரம்புவதும் உண்டு. இழுவைக்கு ஊர்வதுதான் வடிவு. பாடுகிறவர் எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்தே பிடித்துக்கொள்வார். வரி பாடத் தொடங்குவதற்கு ஒன்றரை விநாடி முன்னமே திரைக்கு வந்துவிட வேண்டும், வாசித்து மூச்செடுக்க நேரம் வேண்டாமா? திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரி போதும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் வரியை மூச்சு விடுகிற இடத்தில் முறியுங்கள். நான்கு ஓரத்திலும் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். பழைய குண்டு ரீவி ஓரத்தை விழுங்கிவிடும். வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு, மஞ்சளாக நிரம்பட்டும். சிவப்பு வைத்தால் பழைய ரீவியில் கசியும். பின்னால் மருமகன் இரணைமடுக் குளம் வான்பாய்வதை எடுத்த வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன், எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்களே தவிர வரியைப் பார்க்கவில்லை. இப்போது வெறும் கரு நீலம்தான்.

கனடாப் பிள்ளைகளுக்காகத் தமிழ் வரிக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்தில் அதே வரியைச் சிறிதாகப் போட்டேன். அவர்களும் சேர்ந்து பாடினார்கள். 'ழ' வருகிற இடத்தில் மட்டும் மண்டபமே சிரித்தது.

மிச்சம் சுகம். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் வரிகளைப் படத்தில் பதித்துத் தரும். டீவீடி ஆக்குகிற டீவீடி ஸ்டைலரில் போட்டு, பாட்டுக்கு ஒரு இலக்கம் கொடுத்து, டிஸ்க் எழுதுகிற இம்ஜ்பேர்னில் மெதுவான வேகத்தில் எழுதுங்கள். ஒலி 48 கிலோஹேர்ட்ஸாக இருக்க வேண்டும். எழுதுகிறபோது கறண்ட் போனால் டிஸ்க் குப்பைதான், மடிக்கணினி பற்றரியை முதலே நிரப்பி வையுங்கள். மேலே கடதாசி ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆடும். மார்க்கரால் எழுதினால் போதும்.

இதெல்லாம் வீட்டுக்குள் பாடுகிற அளவுக்குச் சொன்னது. பிரதி எடுத்து விற்கிற யோசனை இருந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறுக்கே நிற்கும்.

விழாவுக்கு முதல் நாளே அந்த மண்டபத்துப் பிளேயரிலேயே ஒருக்கா போட்டுப் பாருங்கள். ஏஜிசப் கோப்பையும் அழித்துவிடாதீர்கள், அது வெறும் எழுத்துக் கோப்பு, ஒரு மூலையில் கிடக்கும். சின்னம்மாவின் டிஸ்க் புழுதியிலும் பேரப்பிள்ளைகள் கையிலும் கீறுப்பட்டு, இப்போது ஓடுவது மூன்றாவது பிரதி. ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு திருத்தம் சொல்லுவார். இந்த முறை ஆறாவது பாட்டில் 'டாட்' இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டுமாம்.