வசந்தப் பயிற்சிக்கு முன் ரன்னிங் பேக் கையிருப்பை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: நான் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் வசந்தப் பயிற்சி தொடங்கும் முன், ‘ரன்னிங் பேக் இடத்துக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள், கவலை வேண்டாம்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘ஐந்து பேரில் ஒருவர்கூடத் தேறமாட்டார்’ என்று இன்னொருவர் சொல்கிறார். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நானே எப்படி மதிப்பிடுவது? பயிற்சியின் முடிவில் அணி தனக்குள்ளேயே ஆடும் வசந்த ஆட்டத்துக்கு மகனை அழைத்துச் சென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் பெயர்களை எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் இடத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நவம்பர் மாதக் கடைசியில் முதல் இருவரும் காயத்தோடு ஓரமாக நிற்கும்போது, பயிற்சியாளர் தயக்கமில்லாமல் பந்தைக் கையில் கொடுக்கக்கூடியவர்கள் இன்னும் எத்தனை பேர்? பட்டியலில் ஆறு பேர் இருந்தும் இதற்கான விடை பூச்சியமாக இருக்கலாம். நான்கே பேர் இருந்தும் இரண்டாக இருக்கலாம்.

இதற்கு உங்கள் அணியின் 2022ஆம் ஆண்டைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பருவத்துக்கு முன் கையிருப்பு தாராளமாகவே தெரிந்தது. முந்தைய ஆண்டில் முதலாண்டு மாணவராகவே 1,248 யார்டு ஓடிய டிரெவியான் ஹெண்டர்சன், அவருக்குத் துணையாக மியான் வில்லியம்ஸ், அடுத்து எவன் பிரையர், புதிதாக வந்த டாலன் ஹெய்டன் என்று நால்வர் இருந்தார்கள். பருவம் தொடங்கும் முன்பே பிரையருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டு அந்த ஆண்டு முழுவதும் போயிற்று. நவம்பர் 12 அன்று இண்டியானாவுடனான ஆட்டத்தில் வில்லியம்ஸ் அடிபட்டு வெளியேறினார். அடுத்த வாரம் மேரிலாந்தில் ஹெண்டர்சனால் பாதக் காயத்தோடு தொடர முடியவில்லை. அன்று ஹெய்டன் 27 முறை பந்தைச் சுமந்து 146 யார்டு ஓடி, மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்வது) அடித்து, 43-30 என்ற வெற்றியைக் காப்பாற்றினார்.

இதுவரை கதை மாற்று வீரர்களின் பெருமையைத்தான் சொல்கிறது. ஆனால் நவம்பர் 26 அன்று பரம எதிரியான மிச்சிகனுக்கு எதிராக, வென்றே தீர வேண்டிய ஆட்டத்தில், அதே ஹெய்டனுக்குப் பந்து ஏறக்குறைய வரவேயில்லை. ஹெண்டர்சன் ஆடவில்லை, வில்லியம்ஸ் முழு உடல்தகுதியோடு இல்லை. அந்தச் சூழலில் பந்தைப் பெரும்பாலும் சுமந்தவர் சிப் டிரேனம். அரிசோனா ஸ்டேட்டில் ரன்னிங் பேக்காக ஆடிவிட்டு, தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கராக ஆடுவதற்காகவே கொலம்பஸுக்கு மாறி வந்தவர் அவர். அவர் 14 முறை ஓடி 83 யார்டு சேர்த்தார். அணி 45-23 என்று தோற்றது. முந்தைய வாரம் 146 யார்டு ஓடியவரைத் தாண்டி, லைன்பேக்கர்களோடு பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் பந்து போனதற்குக் காரணம் வேகமோ திறமையோ மட்டுமாக இருக்க முடியாது. ரன்னிங் பேக்கிடம் பயிற்சியாளர்கள் எதிர்பார்ப்பதில் பந்தோடு ஓடுவது ஒரு பகுதிதான். மீதிப் பகுதி தொலைக்காட்சியில் நம் கண்ணில் படுவதேயில்லை.

அந்த மீதியில் பெரும்பங்கு பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டிய இந்த ஆட்டத்தில், இது மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு யார்டு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கைமாறுவதற்கு முன்பே ரன்னிங் பேக் தற்காப்பு வரிசையைப் படித்தாக வேண்டும். எந்த லைன்பேக்கர் பாய்ந்து வரப்போகிறார், எவர் பாய்வதுபோல் நடித்துவிட்டுப் பின்வாங்குவார், தன் பக்கத்து முன்வரிசைத் தடுப்பாளரான கார்டு யாரை எடுத்துக்கொள்வார், தனக்கு மிஞ்சுவது யார் என்பதையெல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். பார்வை உள்ளிருந்து வெளியே செல்ல வேண்டும். குவார்ட்டர்பேக்கை அடைய மிகக் குறுகிய வழியில் வருபவரைத்தான் முதலில் தடுக்க வேண்டும். ஆள் வந்தபின் காத்து நிற்கக் கூடாது. ஓரடி முன்னே ஏறி, முழங்காலை மடக்கி, நெஞ்சில் மோதி நிறுத்த வேண்டும். பின்னங்காலில் நின்றபடி தோளால் இடிக்கப் பார்ப்பவர் இரண்டாவது முறையே ஏமாந்துபோவார். பள்ளியில் எதிரிகளையெல்லாம் ஓடியே வென்ற ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்த வேலையை யாரும் உருப்படியாகக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அங்கே அவனைத் தடுப்பு வேலைக்கு அனுப்புவதே வீண் என்று நினைத்திருப்பார்கள். முதலாண்டு வீரர்களை நான் கையிருப்பில் பாதியாக மட்டும் கணக்கிடுவதற்கு இதுதான் காரணம். ஹெண்டர்சனை வல்லுநர்கள் கடைசிவரை மெச்சியது அவருடைய ஓட்டத்துக்காக மட்டுமல்ல, இந்தத் தடுப்பு வேலைக்காகவும்தான்.

இனி 2024 வசந்தத்துக்கு வருவோம். பெயர்களை எண்ணுவதில் உள்ள சிக்கல் அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும். மியான் வில்லியம்ஸ் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். டிரேனம் கென்டக்கிக்கும் பிரையர் சின்சினாட்டிக்கும் மாறினார்கள். (டிரேனம் போகும்போது ஒரு நல்ல நினைவையாவது விட்டுச் சென்றார்: 2023 செப்டம்பரில் நோட்ர டேமில் ஒரு நொடி மிச்சமிருக்கையில் அவர் அடித்த டச் டவுனால்தான் அணி 17-14 என்று வென்றது. அந்தக் கடைசி முயற்சியில் எதிரணி பதினொருவருக்குப் பதில் பத்துப் பேரை மட்டுமே களத்தில் வைத்திருந்தது தனிக்கதை.) போனவர்களுக்கு ஈடாக, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இரண்டே பருவங்களில் 2,725 யார்டு ஓடியிருந்த குயின்ஷான் ஜட்கின்ஸ் வந்தார், ஹெண்டர்சனும் இன்னோர் ஆண்டு இருக்கிறேன் என்றார். ஹெய்டன், முதலாண்டு மாணவர்களான ஜேம்ஸ் பீப்பிள்ஸ், சாம் வில்லியம்ஸ்-டிக்சன் ஆகியோரையும் சேர்த்தால் ஐவர்.

கோடை வருவதற்குள் அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2015 முதல் ரன்னிங் பேக்குகளைப் பயிற்றுவித்து வந்த டோனி ஆல்ஃபோர்டு, மார்ச் மாதத்தில், அதுவும் மிச்சிகனுக்கே போய்விட்டார். ஓரிகனிலிருந்து கார்லோஸ் லாக்லின் வந்தார். ஏப்ரலில் ஹெய்டன், வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோருக்கான இடமாற்றப் பட்டியலில் பெயர் பதிந்து கொலராடோவுக்குச் சென்றார். மூன்றாம் இடம் தனக்கு நிலையாகக் கிடைக்குமா என்று யோசிக்கும் அனுபவசாலிதான் வசந்தத்தில் முதலில் கிளம்புவார். ஆனால் முதல் இருவருக்கும் அடிபட்டால் அணியைத் தாங்க வேண்டியவரும் அவரே. ஆகக் கோடையில் அணியிடம் மிஞ்சியது நாட்டிலேயே சிறந்தவர்கள் என்று சொல்லத்தக்க இருவரும், கல்லூரிக் களத்தில் ஒரு பந்தும் சுமந்திராத இரு இளைஞர்களும்தான்.

அது தாங்கியது. ஆனால் எப்படித் தாங்கியது என்பதைப் பாருங்கள். அந்தப் பருவத்தின் 16 ஆட்டங்களில் ஜட்கின்ஸ் 194 முறையும் ஹெண்டர்சன் 144 முறையும் ஓடினார்கள். கூட்டிப் பார்த்தால் 338. ஆட்டத்துக்கு இருவருக்கும் சேர்த்து 21 முறை. முந்தைய அணியில் ஆண்டுக்கு 270 முறைக்கு மேல் சுமந்து பழகிய ஜட்கின்ஸுக்கு இது பெருமளவு குறைந்த சுமை. அதனால்தான் ஜனவரி மாதத்திலும் இருவர் காலிலும் வலு இருந்தது. ஜனவரி 10 அன்று டெக்சஸுக்கு எதிராக முதல் பாதி முடியும் தறுவாயில் ஹெண்டர்சன் ஒரு குறும்பாஸைப் பிடித்து 75 யார்டு ஓடினார். பத்து நாள் கழித்து, நோட்ர டேமை 34-23 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் ஜட்கின்ஸ் 70 யார்டு ஓட்டம் ஒன்றைப் போட்டார். பருவ முடிவில் ஜட்கின்ஸுக்கு 1,060 யார்டு, ஹெண்டர்சனுக்கு 1,016. சுமையைப் பங்கிட்டது திட்டம். இருவருக்கும் பெருங்காயம் நேராதது அதிர்ஷ்டம் என்பதே என் கருத்து. சாம்பியன் பட்டம் வென்றுவிட்டதால் அந்தக் கையிருப்பு போதுமானதாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அக்டோபரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தால் நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

பெயர்ப் பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் எந்த ஆண்டில் படிக்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹெண்டர்சனும் ஜட்கின்ஸும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள், 2025 என்.எஃப்.எல். தேர்வில் ஜட்கின்ஸ் 36ஆவதாகவும் ஹெண்டர்சன் 38ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். அடுத்த வசந்தத்துக்கு அணி ஏறக்குறைய வெறுங்கையோடு நின்றது. பீப்பிள்ஸும் வில்லியம்ஸ்-டிக்சனும் மட்டுமே பழையவர்கள். வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து சி.ஜே. டொனால்ட்சன் என்ற கனத்த உடம்புக்காரரைக் கொண்டுவந்தார்கள். ஒன்றிரண்டு யார்டை முட்டிமோதி எடுப்பதற்கு ஏற்றவர், ஆகஸ்ட் 30 அன்று டெக்சஸுடனான முதல் ஆட்டத்தில் ஒரு யார்டு டச் டவுனும் அடித்தார். ஆனால் அந்த ஆண்டு 1,000 யார்டைக் கடந்தவர், முதலாண்டு மாணவராக வந்த போ ஜாக்சன். (1985இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற ஆபர்ன் வீரர் வேறு, இவர் வேறு, பெயர் மட்டும் ஒன்று.) முதலாண்டு வீரரைப் பாதியாகக் கணக்கிடச் சொன்ன என் சூத்திரம் இங்கே தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஒரு ஜாக்சன் வரும் ஆண்டுகளைவிட வராத ஆண்டுகளே அதிகம்.

விதிகள் மாறியிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முன்பெல்லாம் வசந்தப் பயிற்சி முடிந்ததும் ஏப்ரல் மாதத்தில் இடமாற்றத்துக்கு ஒரு வாய்ப்பு இருந்தது; பயிற்சியில் ஓட்டை தெரிந்தால் வெளியிலிருந்து ஆள் எடுத்து அடைத்துவிடலாம். 2026 முதல் அந்த ஏப்ரல் வாய்ப்பு நீக்கப்பட்டு, ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே காலம் என்றாகிவிட்டது. ஆகவே பயிற்சிக்கு முன் இருக்கும் பட்டியல்தான் பெரும்பாலும் இலையுதிர்காலத்துப் பட்டியலும். கோடையில் ஒரு முதலாண்டு மாணவர் வந்து சேரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை. மறுபுறம், ஹெய்டனைப்போல ஏப்ரலில் ஒருவர் நழுவிப் போவதும் இனி எளிதல்ல. 2025இல் உதவித்தொகைக்கான 85 பேர் என்ற வரம்பு போய், அணிக்கு மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது. உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் ஆடும் மாணவர்களுக்கான இடம் இதனால் சுருங்கியிருக்கிறது. பயிற்சியில் அடிவாங்கும் வேலையைச் செய்துவந்தவர்கள் அவர்கள்தான். அந்தச் சுமை இனி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள்.

இனி வசந்த ஆட்டம். மொத்தப் பயிற்சி 15 நாள்தான். அதிலும் ஆளைத் தரையில் சாய்க்கும் அளவுக்கு மோதுவதற்குக் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே அனுமதி உண்டு. நிரூபித்துவிட்ட ரன்னிங் பேக்கை அந்த நாள்களில் எந்தப் பயிற்சியாளரும் பலி கொடுக்கமாட்டார். எனவே முதல் ஆள் நான்கு முறை பந்தைத் தொட்டுவிட்டுத் தொப்பியோடு ஓரமாக நின்றால் பதறாதீர்கள். அது பெரும்பாலும் நல்ல செய்தி. அன்று மிக அதிகமாக ஓடி, மறுநாள் எல்லோரும் பேசும் பையனைப் பற்றி அளவுக்கு மீறி மகிழவும் வேண்டாம். அவனுக்கு எதிரே நின்றது பெரும்பாலும் மூன்றாம் வரிசைத் தற்காப்பாக இருக்கும். அவன் எந்த முன்வரிசைக்குப் பின்னால் ஓடினான் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். முதல் வரிசைத் தடுப்பாளர்களோடு இரண்டாவதாக யாரை அனுப்புகிறார்கள் என்பது அன்றைய யார்டுக் கணக்கைவிட அதிகம் சொல்லும்.

ஒஹாயோ ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் பக்கவாட்டில் உட்காராமல், டச் டவுன் எல்லைக்குப் பின்னால் சற்று உயரத்தில் உட்காருங்கள். பாயும் லைன்பேக்கரும் அவரை எதிர்கொள்ளும் ரன்னிங் பேக்கும் ஒரே நேர்க்கோட்டில் தெரிவது அங்கிருந்துதான். பிறகு ரன்னிங் பேக்குகளில் இரண்டாம், மூன்றாம் இடத்துக்குப் போட்டியிடும் ஒருவரின் எண்ணை மகனிடம் சொல்லி, பந்து எங்கே போனாலும் தொடர்ந்து பத்து முயற்சிகளுக்கு அவரை மட்டுமே பார்க்கச் சொல்லுங்கள். குவார்ட்டர்பேக் பந்தை எறியும் ஒவ்வொரு முறையும் அவர் முன்னே ஏறினாரா பின்வாங்கினாரா என்று ஒரு தாளில் கோடு போட்டு வரட்டும்.