கணினி கேள்வி-பதில்

கே: சென்னிமலையில் போர்வை மொத்த வியாபாரம். இருப்பு, பில், நெசவாளர் கூலி மூன்றுக்கும் சேர்த்து மென்பொருள் எழுதவேண்டும். ஒருவர் ரஸ்ட் மொழிதான் வேகம் என்கிறார். இன்னொருவர் பி.எச்.பி. போதும் என்கிறார், ஆனால் அது பழசாமே? (வாசகர், ஈரோடு)

ப: எழுதித்தருபவர் பாதியில் கிளம்பிவிட்டால் அதே மொழி தெரிந்த இன்னொருவர் ஈரோட்டிலோ கோவையிலோ சீக்கிரம் கிடைப்பாரா? முதலில் இதைப் பாருங்கள். பி.எச்.பி.யில் லாராவெல், பைத்தான் மொழியில் ஜாங்கோ (இரண்டும் மென்பொருள் எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்புகள்), இரண்டுக்கும் ஆள் உண்டு. ரஸ்ட் அருமையான மொழி. ஆனால் உங்கள் கடையில் தாமதமாவது பெரும்பாலும் டேட்டாபேஸ் தேடலில்தான். அதற்கு மொழியை மாற்றிப் பயனில்லை.

பி.எச்.பி. 1995இல் வந்தது, இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. ஆதரவு முடிந்த பதிப்புதான் ஆபத்து. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1 உடன் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஜாங்கோ என்றால் 'எல்.டி.எஸ்.' (நீண்டகால ஆதரவு) பதிப்பைக் கேளுங்கள். மூன்றாண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும்.

எந்த மொழியானாலும் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, காசு. தசமத்தை 'ஃப்ளோட்' (தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) ஆக வைத்தால் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 ஆகும், மாதக் கடைசியில் பைசா இடிக்கும். காசைத் துல்லியமான 'டெசிமல்' வகையிலோ, பைசாக் கணக்கில் முழு எண்ணாகவோ வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, தமிழ்ப் பெயர்கள். 'தமிழ்' நம் கண்ணுக்கு 3 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 5 குறி, அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 15 பைட். பில் அகலத்துக்காகப் பைட் எண்ணிப் பெயரை வெட்டினால், கடைசி எழுத்து உடைந்து, அந்த இடத்தில் கேள்விக்குறி அச்சாகலாம்.

கே: எனக்குக் கோடு (நிரல்) எழுதத் தெரியாது. ஆள் தேறுவாரா என்று எப்படிப் பார்ப்பது? (அதே வாசகர்)

ப: ஒருநாள் வேலை கொடுங்கள், கூலியும் கொடுங்கள். இரண்டு நெசவாளர், மூன்று கூலி விகிதம், முன்பணக் கழிவு. இதற்கு வாரக் கூலிச் சீட்டு போடவேண்டும். "முன்பணம் கூலியைவிட அதிகமானால் பாக்கி அடுத்த வாரத்துக்குப் போகுமா?" என்று தொடங்கும் முன்பே கேட்பவரை விடாதீர்கள். முடித்ததும் ஒரு விகிதத்தை மாற்றச் சொல்லிப் போன வாரச் சீட்டைத் திறந்து பாருங்கள். பழைய தொகையும் மாறியிருந்தால், அன்றைய விகிதத்தைச் சீட்டோடு சேர்த்துப் பதியவில்லை என்று பொருள். சான்றிதழ்க் கட்டில் இது தெரியாது.

கே: வெளியாளிடம் எழுதி வாங்கினால் கோடு யாருக்குச் சொந்தம்? (வாசகி, திருப்பூர்)

ப: பணம் கொடுத்தாலே நமதாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு. வெளியாள் எழுதியது, கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கும்வரை, அவருக்கே. அந்தத் தாளில் கால அளவு இல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

டொமைன் (இணைய முகவரி), சர்வர் (மென்பொருள் ஓடும் கணினி), கோடு வைக்கும் கணக்கு மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடைசித் தவணையைப் பிடித்துவையுங்கள். உங்கள் கணக்கில் உள்ள கோடு, நேற்றைய பேக்கப், எழுதிவைத்த குறிப்பு, இவற்றை மட்டும் வைத்து வேறொருவர் வெறும் கணினியில் மென்பொருளை ஓட்டிக்காட்டிய பிறகு அந்தத் தவணையைக் கொடுங்கள்.