மூன்று முறை வாசித்தும் மாதிரித் தேர்வில் ஞாபகம் வரவில்லையே, ஏன்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் பாதி வருவதில்லை. என் ஞாபகசக்தியே குறைவா?

பதில்:

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஞாபகசக்தியில் குறை தெரியவில்லை. உள்ளே போடுவதை மட்டும் பழகியிருக்கிறீர்கள், வெளியே எடுப்பதைப் பழகவில்லை. மூளைக்கு இவை வேறு வேறு வேலைகள்.

பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள்: ஊதா நிற நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் இருக்கிறது? எத்தனையோ முறை கைமாறிய நோட்டுதான், ஆனாலும் பலருக்குச் சட்டென்று வராது. குஜராத்தில் உள்ள ராணி கி வாவ் என்ற படிக்கிணறு அது. நிறத்தை வைத்தே நோட்டை அடையாளம் கண்டுவிடுவதால் படத்தைக் கவனிக்கத் தேவையே வரவில்லை. கண்ணில் பட்டதாலேயே எதுவும் பதிந்துவிடாது. 1975-இல் கிரெய்க், டல்விங் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனைகளில், ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தைப் பார்த்தவர்களைவிட அதன் பொருளை யோசித்தவர்களுக்கே அந்தச் சொல் அதிகம் நினைவில் நின்றது.

ராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். '1856' என்று பத்து முறை முணுமுணுத்தால் அது ஒட்டாது. 1853-இல் பம்பாய் – தானே ரயில், மூன்று வருடம் கழித்து ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் ரயில், அதற்கு மறுவருடம் 1857 புரட்சி என்று கோர்த்துப் பாருங்கள். ஒன்று தவறினாலும் பக்கத்தில் இருப்பது அதைப் பிடித்து இழுத்து வரும்.

படிக்கும் நேரத்தில் மனதில் ஏந்தி வைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் சுமார் ஏழு விஷயம் என்று உளவியலாளர் மில்லர் 1956-இல் சொன்னார். 2001-இல் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதைச் சுமார் நான்காகக் குறைத்தார். அந்த நான்கும் தொடாமல் விட்டால் நிற்காது. மூன்று எழுத்துகளைக் கொடுத்து, உடனே ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துப் பின்னோக்கி எண்ணச் சொன்னால், 18 விநாடியில் அந்த எழுத்துகளில் பெரும்பகுதி போய்விடும் என்று 1959-லேயே காட்டியிருக்கிறார்கள். வாக்கியத்தின் நடுவில் வாட்ஸ்அப்பைப் பார்ப்பதும் அதே மாதிரிதான். சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. எண்ணூர் சாலையில் ஒரே சீராக ஓடும் கண்டெய்னர் லாரி இரைச்சலைவிட, பக்கத்து அறை டிவியில் கேட்கும் பேச்சுதான் அதிகம் கெடுக்கும். நீங்கள் மனதுக்குள் வாசிக்கும் அதே பாதையில் அந்தப் பேச்சும் நுழைகிறது.

சேமிப்பு என்றதும் பலரும் பீரோவை நினைக்கிறார்கள். அப்படி ஒரே இடம் கிடையாது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி புதிய விஷயங்களை முடிச்சுப் போட்டு வைக்கிறது. நாளடைவில் மூளையின் மேற்புறணி அவற்றை ஏற்றுக்கொள்கிறது. 1953-இல் வலிப்புக்காக அறுவை சிகிச்சை செய்து அந்தப் பகுதியில் கணிசமான பங்கை இழந்த ஹென்றி மொலைசனுக்குச் சிறுவயது நினைவுகள் இருந்தன, புதிதாகச் சந்தித்தவர்கள் நினைவில் தங்கவில்லை. பகலில் போட்ட முடிச்சுகள் இறுகுவதில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு 2 மணி வரை படித்து 5 மணிக்கு எழுவது, போட்ட முடிச்சை அவிழவிடும் வேலை. இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு மறுபடி வாசித்தது, மற்றது பத்தியை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, வாசித்தவர்களுக்குப் பத்தியில் 81% நினைவில் இருந்தது, எழுதியவர்களுக்கு 75%. ஒரு வாரம் கழித்து அது தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42%, எழுதியவர்களுக்கு 56%. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரும் 'தெரியுமே' என்ற உணர்வு வெறும் பழக்கம். பக்கம் முகம் தெரிந்ததாக இருக்கிறது, விஷயம் கைக்கு வருவதில்லை.

ஆகவே ஒரு முறை வாசியுங்கள். புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் 10 நிமிடம், வந்ததை வந்த வரிசையில் எழுதுங்கள். முட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரம்தான் பலன் தருவது, உடனே திறந்து பார்க்காதீர்கள். பிறகு திறந்து, விட்டதையும் தவறையும் சிவப்பு மையில் திருத்துங்கள். திருத்தாமல் விட்டால் தவறான பதிலே பாதை போட்டுக்கொள்ளும். மறுநாள் சிவப்பு மட்டும். தேர்வுக்கு 60 நாள் இருந்தால் அடுத்த சுற்று 6 முதல் 12 நாள் இடைவெளியில். கொஞ்சம் மறந்த பிறகு சிரமப்பட்டு எடுப்பதுதான் நிற்கும்.

இன்னொரு சிக்கல், ஒன்றையொன்று ஒத்தவை குழம்புவது. பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918, அகில இந்திய தொழிற்சங்க காங்கிரஸ் 1920. தனித்தனி நாளில் படித்தால் இரண்டும் மாறி மாறி வரும். ஒரே தாளில் எதிரெதிரே எழுதி, எது முதலில், எது ஊர் அளவு, எது நாடு அளவு என்று வேறுபாட்டைப் படியுங்கள். 'நம்ம பெரம்பூர் முந்திக்கொண்டது' என்று வைத்துக்கொண்டால் வரிசை தவறாது.

தேர்வில் 200 கேள்வி, 3 மணி நேரம். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே பதிலை எடுத்துப் பாருங்கள், பிறகு நான்கையும் பாருங்கள். இல்லாவிட்டால் தவறான விடையும் தெரிந்த முகமாகவே தோன்றும். ஒரு பதில் நுனிநாக்கில் நின்றால் அங்கேயே முட்டாதீர்கள். தவறான பெயர் ஒன்று திரும்பத் திரும்ப வந்து சரியானதை மறிக்கும். கேள்வி எண்ணை வட்டமிட்டுவிட்டு இருபது கேள்வி தள்ளிப் போய்த் திரும்பி வாருங்கள். அப்போது பதிலைத் தேடாமல் அந்தப் பாடத்தைத் தேடுங்கள்: எந்தப் பக்கம், அதற்கு முன் என்ன படித்தீர்கள், உங்கள் வெள்ளைத் தாளில் எந்த மூலையில் சிவப்பு மை இருந்தது.