மணியை வெட்டிப் பார்த்தால் தெரியும்

மக்காச்சோளம் பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நாமக்கல் தீவன வியாபாரி என் மக்காச்சோளத்தைப் பார்த்து, "இது குழி விழுந்த மணி, எனக்குக் கெட்டி மணிதான் வேணும்" என்று விலையைக் குறைக்கிறார். விதைப் பையில் வீரிய ஒட்டு ரகம் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. நானே எப்படிக் கண்டுபிடிப்பது? கெட்டி மணிக்கு நிஜமாகவே மதிப்பு அதிகமா?
— வாசகர், ஆத்தூர்

பத்துக் கருதுகளின் நடுப்பகுதியிலிருந்து கருதுக்கு இரண்டு மணி எடுங்கள். அடி மணியும் நுனி மணியும் எந்த ரகத்திலும் உருண்டையாகத்தான் இருக்கும். அவற்றைப் பார்த்தால் ஏமாறுவீர்கள். எடுத்த மணிகளை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்து, முளை இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, சவரப் பிளேடால் நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். உள்ளே இரண்டு விதமான மாவு தெரியும். ஒன்று கண்ணாடி போலப் பளபளக்கும் கெட்டி மாவு, மற்றொன்று சுண்ணாம்பு போன்ற வெள்ளை மாவு.

வெள்ளை மாவு நடுவில் பொட்டு அளவுக்கே இருந்து, கெட்டி மாவு அதைச் சுற்றிக் கவசம் போல மூடியிருந்தால் அது பிளின்ட் எனும் கெட்டி மணி. கெட்டி மாவு இரு பக்கவாட்டில் மட்டும் நின்று, வெள்ளை மாவு உச்சி வரை ஏறியிருந்தால் டென்ட் எனும் குழி மணி. காயும்போது உச்சியிலுள்ள வெள்ளை மாவு சுருங்கும், பக்கங்கள் சுருங்காது. அதனால்தான் உச்சியில் பல்லில் விழுந்த சொத்தை போலக் குழி விழுகிறது. மணி முழுக்க வெள்ளை மாவாகவே இருந்தால் அது மாவுச் சோளம், நம் பக்கம் பயிரில் இல்லை. இப்படி மணியின் உள்ளமைப்பை வைத்து வகை பிரிக்கும் முறையை ஸ்டர்டிவன்ட் என்ற அமெரிக்கர் வகுத்தார், 1899-இல் அது அச்சில் வந்தது. வியாபாரத்தில் இன்றும் அதுதான் நடப்பு. இன்று விற்கும் ஒட்டு ரகங்களில் பல இரண்டுக்கும் நடுவில் இருப்பவை என்பதால், இருபது மணியையும் வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மதிப்பு விஷயத்தில் வியாபாரி பாதி சரி. கெட்டி மணியில் கூன் வண்டு ஏறுவது மெதுவாகத்தான். கிடங்கில் வைப்பவருக்கு அது லாபம். ஆனால் கோழித் தீவனத்தால் முட்டைக் கருவுக்கு வரும் மஞ்சளுக்குக் காரணம் மணியின் கெட்டித்தன்மை இல்லை, மணியிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள். ஆரஞ்சு நிறமுள்ள டென்டும் உண்டு, வெள்ளை நிறப் பிளின்டும் உண்டு. நிறம் வேறு, கெட்டி வேறு. ஈரப்பதமும் பூஞ்சணமும் சரியாக இருக்கிற சரக்குக்குக் குழியைக் காட்டி மட்டும் விலை குறைத்தால், வெட்டிய மணியை அவரிடமே காட்டிப் பேரம் பேசுங்கள்.

ஸ்வீட் கார்ன் போட்டேன். பக்கத்து வயலில் தீவன மக்காச்சோளம். கருதில் பாதி மணி இனிப்பாகவும் பாதி சப்பென்றும் இருக்கிறது. விதை மோசமா, பக்கத்து வயலா?
— வாசகர், வீரகனூர்

இரண்டுமே சாத்தியம். கருதைக் காயவைத்தால் பிரித்துச் சொல்லிவிடலாம்.

மக்காச்சோளத்தில் ஒரு மகரந்தத் துகள் இரண்டு விந்தணுக்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முளையை உருவாக்கும், மற்றொன்று மாவுப் பகுதியை உருவாக்கும். நாம் தின்பது பெரும்பாலும் அந்த மாவுப் பகுதிதான். அதனால் அப்பனின் குணம் அடுத்த தலைமுறை வரை காத்திராமல், அதே பருவத்தில் அதே மணியில் தெரிந்துவிடுகிறது. மாங்காயில் இப்படி நடக்காது. இனிப்புச் சோளம் இனிப்பாக இருப்பது, சர்க்கரையை மாவாக மாற்றும் ஒரு மரபணு அதில் செயல்படாததால். தீவனச் சோள மகரந்தம் அந்த மரபணுவின் நல்ல பிரதியைக் கொண்டுவந்து சேர்த்தால் மணி மாவாகிவிடும். இதே காரணத்தால் பக்கத்து வயல்காரருக்கு உங்களால் எந்த நஷ்டமும் இல்லை.

கருதுகளை நன்றாகக் காயவிடுங்கள். இனிப்பு மணி சுருங்கிச் சப்பையாகும், கலந்த மணி உப்பலாகவே நிற்கும். உப்பல் மணிகள் பக்கத்து வயலை ஒட்டிய வரிசைகளில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால், காரணம் காற்றில் வந்த மகரந்தம். வயலின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளின் கருது மட்டும் முழுவதுமோ சரிபாதியோ உப்பலாக இருந்தால், விதையிலேயே கலப்பு இருந்திருக்கிறது. அப்படியானால் பையையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு விற்றவரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை 200 மீட்டர் இடைவெளி விடுங்கள். இடம் இல்லையென்றால் பூக்கும் காலத்தில் மூன்று வாரம் இடைவெளி வரும்படி விதையுங்கள். ரகத்துக்கு ரகம் கருதின் நுனியில் பட்டு இழை வரும் நாள் மாறும். எனவே விதைத்த நாளை வைத்துக் கணக்குப் போடாமல் இழை வரும் நாளை வைத்துப் போடுங்கள். இன்னொன்று: பழைய இனிப்பு ரகமும் 'சூப்பர் ஸ்வீட்' ரகமும் அடுத்தடுத்து இருந்தாலும் இதே தொல்லைதான். இரண்டிலும் பழுதான மரபணு வெவ்வேறு. ஒன்றின் குறையை மற்றொன்று சரிசெய்துவிடும், இனிப்பு போய்விடும்.

எங்கள் ஊரில் சில வீடுகளில் சிறு மணி மக்காச்சோளம் இன்னும் இருக்கிறது. சில கருது முழுக்கச் சிவப்பு. சிலவற்றில் மஞ்சளும் கருநீலமும் கலந்து வருகிறது, சில மணியில் புள்ளிகூட இருக்கிறது. இதெல்லாம் தனித்தனி ரகமா? விதையை எப்படிக் காப்பாற்றுவது?
— வாசகர், நாகலூர், சேர்வராயன் மலை

நிறத்தை வைத்து ரகம் பிரிக்காதீர்கள். மணியை ஊறவைத்து மேல்தோலை நகத்தால் உரியுங்கள். சிவப்பு தோலோடு வந்துவிட்டால், அது தாய்ச் செடியின் நிறம். தோல் தாயின் திசு என்பதால் கருது முழுக்க ஒரே நிறமாகிறது. தோல் உரிந்த பிறகும் கருநீலம் நின்றால், அது அடியிலுள்ள ஒற்றை அடுக்குச் செல்களின் நிறம். அந்த அடுக்கில் அப்பனுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு மணிக்கும் அப்பன் வேறாக இருக்கலாம் என்பதால்தான் ஒரே கருதில் நிறம் கலந்து வருகிறது. மஞ்சள், இன்னும் உள்ளே மாவிலேயே இருப்பது.

புள்ளி மணி அறிவியலில் பெரிய இடம் பிடித்தது. அமெரிக்காவில் பார்பரா மெக்ளின்டாக் 1940-களில் இத்தகைய மணிகளை ஆராய்ந்து, சில மரபணுத் துண்டுகள் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று கண்டார். நிற மரபணுவில் புகுந்த துண்டு நிறத்தை நிறுத்திவிடும். மணி வளரும்போது அது வெளியேறினால், அந்தச் செல்லிலிருந்து பிறந்த செல்களுக்கெல்லாம் நிறம் திரும்பும். சீக்கிரம் வெளியேறினால் பெரிய புள்ளி, தாமதமானால் சிறு புள்ளி. நம்பப் பலர் தயங்கினார்கள். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது.

ஒரு விதையை அடையாளப்படுத்த முழுச் செடியையும் பார்க்க வேண்டும். ஆண்டர்சன், கட்லர் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் 1942-இல் வலியுறுத்தியது இதைத்தான். இருபது செடியில் அளந்து நோட்டில் எழுதுங்கள்: செடியின் உயரம், கருது நிற்கும் உயரம், கருதின் நீளம், மணி வரிசை, நுனியை உறை மூடியிருக்கிறதா, விதைத்ததிலிருந்து பட்டு இழை வர எத்தனை நாள். மலையின் குளிரில் நாள் கூடும். கீழே சமவெளியில் எடுத்த கணக்கோடு ஒப்பிட வேண்டாம். சிக்கிமில் ஒரே செடியில் பல கருது தாங்கும் பழைய மலை ரகத்தை தவான் என்ற ஆய்வாளர் 1964-இல் விவரித்த பிறகுதான் அது ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டது. ஊரில் அது அதற்கு முன்பே இருந்தது.

விதை காப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, அழகான நாலு கருதை மட்டும் கட்டித் தொங்கவிடுவது. மக்காச்சோளம் அயல் மகரந்தப் பயிர். தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் நெல்லைப் போல நினைத்துவிடக் கூடாது. சில கருதிலிருந்தே விதை எடுத்தால் நாலைந்து பருவத்தில் செடி குட்டையாகி, கருது பொக்கையாகும். குறைந்தது 200 செடி வளருங்கள். ஓர வரிசைகளை விட்டுவிட்டு, உள்ளே இருந்து 100 கருதாவது எடுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில், 50 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணி எடுத்துக் கலக்குங்கள்.

மலையில் மூடுபனிதான் பகை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியும் இரண்டு மூன்று கரண்டி வறுத்த உப்பும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் விதைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் வெயில் காட்டிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். பாதியை வேறொரு வீட்டில் வைப்பது நல்லது. உழவர் ரகமாகப் பதிவு செய்ய 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

'மெழுகு மக்காச்சோளம்' என்கிறார்களே, அதில் மெழுகு இருக்கிறதா? மரவள்ளி மாவுக்குப் போட்டியா?
— ஜவ்வரிசி ஆலையில் பணிபுரியும் வாசகர், சேலம்

மெழுகு கிடையாது. வெட்டிய மணி மெழுகு போல மங்கலாகத் தெரிவதால் அந்தப் பெயர். மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. சாதாரண மக்காச்சோள மாவில் கால் பங்கு அமைலோஸ், முக்கால் பங்கு அமைலோபெக்டின். மெழுகு வகையில் ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின். வெட்டிய மணியில் தண்ணீர் கலந்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். சாதாரண மணி கருநீலமாகும், மெழுகு மணி செம்பழுப்பாகும். சீனாவிலிருந்து வந்த விதையில் 1909-இல் இதை விவரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய மரவள்ளி மாவு வரத்து நின்றபோது அமெரிக்கர்கள் மாற்றாகக் கையில் எடுத்தது இதைத்தான். அதே 1940-களில்தான் சேலத்தில் ஜவ்வரிசித் தொழிலும் வேர் பிடித்தது.

கருதில் மணி வரிசை எப்போதும் இரட்டைப்படையா?
— பள்ளி மாணவர், மேட்டூர்

ஆமாம். 12, 14, 16 என்றுதான் வரும். கருதில் பூக்கள் ஜோடி ஜோடியாகவே பிறக்கின்றன. நடுவில் ஒரு வரிசை காணாமல் போனது போலிருந்தால், அது மகரந்தம் சேராமலோ பூச்சி தின்றோ போனது. கருதின் நடுவில் எண்ணுங்கள்.

வீட்டில் பாப்கார்ன் பொரித்தால் பாதி பொரியாமல் நிற்கிறது.
— வாசகர், சூரமங்கலம்

மணி காய்ந்துவிட்டது. பொரிய வேண்டுமானால் உள்ளே 13–14 சதவீதம் ஈரம் வேண்டும். சுமார் 180 டிகிரியில் அந்த ஈரம்தான் ஆவியாகித் தோலை வெடிக்க வைக்கிறது. மூன்று கப் மணிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, பாட்டிலில் இறுக மூடி, முதல் நாள் அடிக்கடி குலுக்கி, மூன்று நாள் கழித்துக் கொஞ்சம் எடுத்துப் பொரித்துப் பாருங்கள். தோல் கீறிய மணி என்ன செய்தாலும் பொரியாது. ஆவி கீறல் வழியே கசிந்துவிடும்.