கடலோர வீட்டுக்குச் சிம்னி

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையை ஒட்டி இருக்கிறது. மூன்று பர்னர் அடுப்புக்கு மேல் சிம்னி மாட்ட ஆசை. உப்புக்காற்றுக்கு அது தாங்குமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தாங்கும். தகட்டைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் காந்தம் ஒட்டவில்லை என்று காட்டினால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 202, 304 இரண்டு வகை எவர்சில்வரிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. உப்பு பட்டால் 202-இல் சீக்கிரமே பழுப்புப் புள்ளிகள் விழும். ‘304’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பெயின்ட் பூசிய இரும்புத் தகடு வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு உள்ளுக்குள்ளேயே பரவும்.

மூன்று பர்னருக்கு 90 செ.மீ. அகலம் நல்லது. அடுப்புத் தட்டிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்தில் முக்கியமானது, புகையை வெளியே விடும் குழாயின் வாய். வடக்குச் சுவரில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்று நேராக உள்ளே அடிக்கும். மீன் பொரித்த புகை அடுப்படிக்கே திரும்பும். உப்பு ஈரம் மோட்டாரில் இறங்கி பேரிங் இறுகும். வேறு சுவர் இல்லையென்றால், கீழ்நோக்கிய வளைவும் தானாக மூடும் தட்டும் போடுங்கள். 6 அங்குலக் குழாயை எங்கும் 4 அங்குலமாகச் சுருக்க விடாதீர்கள், இழுவை பாதியாகிவிடும்.

சுவர் ஸ்க்ரூக்களும் எவர்சில்வராகவே இருக்கட்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றிவிடுங்கள்.